வீட்டுக்கு மருந்தடிக்கும் நாளில் நாயை எப்படிப் பாதுகாப்பது?

யாழ்ப்பாணத்தில் வீடு வைத்திருக்கும் யாருக்கும் பூச்சித் தொல்லை புதிதல்ல. கூரைச் சிலாகையில் கறையான், குசினியில் கரப்பொத்தான், கோடிப்புறத்தில் எலி, மாரி பிறந்தால் நுளம்பு. மருந்தடிக்காமல் சமாளிக்க முடியாத நிலை எந்த வீட்டுக்கும் ஒருநாள் வரும். அன்றைக்கு அரிசி மூட்டையை மூடி வைக்கிறோம், சாமியறைப் படங்களைத் துணியால் போர்த்துகிறோம், பிள்ளைகளை அம்மம்மா வீட்டுக்கு அனுப்புகிறோம். நாயை மட்டும் "அது வெளியிலதானே படுக்கிறது" என்று விட்டுவிடுகிறோம்.

உண்மையில் அந்த வளவில் மருந்து கூடுதலாகப் படக்கூடிய உயிர் நாய்தான். நாம் செருப்போடு நடக்கிற நிலத்தில் அது வயிற்றை வைத்துப் படுக்கிறது. மூக்கை நிலத்தோடு உரசிக்கொண்டு போகிறது. காலில் எது ஒட்டினாலும் நக்கித்தான் துடைக்கிறது. முதன்முதலாக நாய் வளர்ப்பவர்களுக்காகவும், வெளிநாட்டிலிருந்து வந்து பழைய வீட்டைத் திருத்திக் குடியிருக்கத் தொடங்கியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஒழுங்காகத் திட்டமிட்டால் வீட்டுக்கும் மருந்தடிக்கலாம், நாய்க்கும் ஒன்றும் ஆகாது.

மருந்தின் பெயர் தெரியாமல் படலையைத் திறக்காதீர்கள்

மருந்தடிக்க வருபவரிடம் விலை கேட்கிறோம், எத்தனை வருட உத்தரவாதம் என்று கேட்கிறோம். என்ன மருந்து என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் "வாசமில்லாத மருந்து, ஒண்டும் செய்யாது" என்று பதில் வரும். வாசம் இல்லாததற்கும் நஞ்சு இல்லாததற்கும் சம்பந்தமே இல்லை. நாய்க்கு ஏதாவது நடந்தால் மிருக வைத்தியர் கேட்கும் முதல் கேள்வி "என்ன மருந்து?" என்பதுதான். எவ்வளவு நேரம் நாயை விலக்கி வைப்பது, என்ன முறிமருந்து கொடுப்பது என்று எல்லாமே அந்தப் பெயரில்தான் தங்கியிருக்கிறது.

ஆகவே ஆளை ஒழுங்கு செய்யும்போதே போத்தலின் லேபலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இலங்கையில் பீடைகொல்லிகள் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். லேபலில் தமிழிலும் விபரம் இருக்கும். விற்பனைப் பெயரோடு நிற்காமல், சிறிய எழுத்தில் போட்டிருக்கும் நச்சுப்பொருளின் பெயரையும் வீதத்தையும் பாருங்கள். சோடாப் போத்தலில் ஊற்றிக் கொண்டுவரும் மருந்தை, கொண்டுவருபவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், வீட்டுக்குள் விடக்கூடாது.

பெயர் கிடைத்ததும் அது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று பாருங்கள். பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்று "த்ரின்" என முடிபவை பெரும்பாலும் பைரித்ரொயிட் வகை. லேபலில் சொன்ன அளவில் கலந்து அடித்து, நன்றாகக் காய்ந்துவிட்டால் நாய்க்கு ஆபத்துக் குறைவு. ஈரமாக இருக்கும்போதுதான் சிக்கல். வீட்டில் பூனையும் இருந்தால் இந்த வகையில் இன்னும் கவனம் வேண்டும். குறிப்பாகப் பெர்மெத்ரினை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் உடலுக்கு மிகக் குறைவு.

பிப்ரோனில், இமிடாகுளோபிரிட் இரண்டும் கறையானுக்குப் பயன்படுபவை. இதே பெயர்களை நாயின் பிடரியில் விடும் உண்ணி மருந்திலும் பார்த்துவிட்டு, "நாய்க்கே போடுகிறதுதானே" என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே அளவும் கரைசலும் வேறு, இங்கே வேறு. குளோர்பைரிபொஸ், மலத்தியன் போன்றவை ஓர்கனோபொஸ்பேற் வகை. இவை நரம்பைத் தாக்குபவை. நாய் உள்ள வீட்டுக்குள் இந்த வகை வேண்டாம் என்பதே என் கருத்து. வேறு வழிகள் இருக்கும்போது இந்த ஆபத்தை ஏன் வாங்க வேண்டும்?

கரப்பொத்தானுக்கு மட்டும் என்றால் ஸ்பிரே கேட்காமல் ஜெல் கேளுங்கள். அலுமாரிப் பிணைச்சல், சிங்குக்குக் கீழே, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் என்று குண்டூசித் தலையளவு புள்ளிகளாக வைத்துவிட்டுப் போவார்கள். நஞ்சின் அளவு மிகச் சிறியது, காற்றில் பரவாது. நாயின் நாக்கு எட்டாத இடத்தில் வைத்தால் போதும், நாயை வெளியேற்ற வேண்டிய தேவைகூட இல்லை.

ஒரு கிழமைக்கு முன்பே செய்ய வேண்டியவை

திகதியை வாரநாளில், காலை நேரத்தில் வையுங்கள். சனி, ஞாயிறு வசதிதான். ஆனால் அன்று பின்னேரம் நாய்க்கு வலிப்பு வந்தால் அரச கால்நடை வைத்திய அலுவலகம் மூடியிருக்கும். தனியார் வைத்தியர் ஒருவரின் இலக்கத்தையும் வாங்கி, அவர் எந்த நேரம் இருப்பார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் நாய்கள் பல சங்கிலியையே கண்டதில்லை. மருந்தடிக்கும் அன்றுதான் முதன்முதலாகக் கட்டினால் கழுத்தை அறுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் அறுத்துக்கொண்டு ஓடும். ஒரு கிழமைக்கு முன்பிருந்தே தினமும் சாப்பாட்டு நேரத்தில் சிறிது நேரம் கட்டிப் பழக்குங்கள். உறவினர் வீட்டில் விடப்போகிறீர்கள் என்றால் முன்பே ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள். அங்கே வேறு நாய் இருந்தால் அந்த யோசனையை விட்டுவிடுவது நல்லது.

அந்தக் கிழமையில் நாய்க்கு உண்ணி மருந்து பூசுவதோ மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டுவதோ வேண்டாம். ஒரே வகை நஞ்சு இரண்டு பக்கத்தாலும் உடம்பில் சேரக்கூடும். குட்டிகள், சினைப்பட்ட நாய், வயதான நாய், முன்பு வலிப்பு வந்த நாய் என்றால் ஒரு பகல் மட்டும் விலக்கி வைப்பது போதாது. இரண்டு நாளாவது வேறு வீட்டில் இருக்கட்டும்.

மருந்தடிக்கும் நாள்

மருந்தடிப்பவர்கள் வருவதற்கு முன்பே நாய் போய்விட வேண்டும். அவர்கள் தாங்கியும் பைப்பும் கொண்டு உள்ளே வரும்போது படலை திறந்தபடி கிடக்கும். அந்த நேரம் நாய் றோட்டுக்கு ஓடும், இல்லாவிட்டால் புதிய ஆளைக் கடிக்கும்.

வேறு வீட்டுக்கு அனுப்ப வழியில்லை என்றால் வளவுக்குள்ளேயே காற்று வரும் பக்கத்தில் கட்டுங்கள். சோழகம் அடிக்கும் மாதங்களில் தென்மேற்கு மூலை, வாடை அடித்தால் வடகிழக்கு மூலை. நிழலும் தண்ணீரும் கட்டாயம் இருக்க வேண்டும். பூட்டிய வாகனத்துக்குள் விடுவதை நினைத்தும் பார்க்க வேண்டாம். எங்கள் வெயிலுக்கு அது மருந்தைவிட வேகமாகக் கொல்லும்.

அடுத்து நாயின் பொருட்கள். சோற்றுக் கோப்பை, தண்ணீர்ச் சட்டி, படுக்கும் சாக்கு, கடித்து விளையாடும் தேங்காய் மட்டை எல்லாவற்றையும் எடுத்து ஒரு பையில் போட்டு அப்புறப்படுத்துங்கள். நாய் வழக்கமாகப் படுக்கும் விறாந்தை மூலையைக் காட்டி, அங்கே அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சொன்னால் விட்டுவிடுவார்கள்.

கிணற்றடியை ஒருவர் கவனித்துக்கொள்ள வேண்டும். கிணற்றை மூடுங்கள், வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள், தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். வேலை முடிந்ததும் தாங்கியையும் கையையும் கிணற்றடியில் கழுவ வருவார்கள். அதை அனுமதிக்கவே கூடாது. கழுவிய தண்ணீர் வாய்க்காலில் தேங்கும், நாய் போய் அதைத்தான் குடிக்கும். அதோடு முடியாது. எங்கள் நிலத்தின் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளால் மேலே ஊற்றுவது கீழே இறங்கிக் கிணற்றுக்கு வந்துவிடும். நாய்க்கு மட்டுமல்ல, அந்தத் தண்ணீரைக் குடிக்கும் எல்லாருக்கும் அது கேடு.

எப்போது நாயைத் திரும்ப விடலாம்? லேபலில் எழுதியிருக்கும் நேரம்தான் சட்டம். எழுதவில்லை என்றாலும் நான்கு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. நவம்பர் மாதத்து ஈரக் காற்றில் அதற்கு இரண்டு மடங்கு நேரம் எடுக்கலாம். கையுறை போட்டுக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளை நிலத்தில் வைத்து அழுத்திப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் இன்னும் காயவில்லை. காய்ந்த பிறகு யன்னல்களைத் திறந்து, காற்றாடியைப் போட்டு, ஒரு மணி நேரமாவது காற்றோட விடுங்கள். நாய் நடக்கும் நடுப்பகுதியை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிடலாம். சுவரோர விளிம்புகளைத் துடைக்க வேண்டாம், மருந்து வேலை செய்வது அங்கேதான்.

கறையான் மருந்தும் ஈர மண்ணும்

வீட்டுக்குள் ஸ்பிரே அடிப்பதைவிட இதற்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். கறையானுக்கு அத்திவாரத்தைச் சுற்றி ஒடுங்கிய கான் வெட்டி, அதற்குள் மருந்துத் தண்ணீரை ஊற்றி, மண்ணைத் திரும்பப் போட்டு மூடுவார்கள். நிலத்தில் ஓட்டை போட்டு உள்ளே செலுத்தி, சீமெந்தால் அடைப்பதும் உண்டு. வீட்டுக்குள் தெளிப்பதைவிட இங்கே மண்ணுக்குள் போகும் மருந்து பல மடங்கு அதிகம்.

மத்தியான வெயிலில் நாய் எங்கே படுக்கிறது என்று கவனித்திருப்பீர்கள். சுவரோரமாக நிழல் விழும் இடத்தைத் தேடிப் போகும். முன்னங்கால்களால் நாலு தரம் விறாண்டும், மேல்மண்ணைத் தள்ளிவிட்டு ஈரம் தெரிந்ததும் ஒரு சுற்றுச் சுற்றி, மயிர் குறைந்த வயிற்றை அந்தக் குளிர்ச்சியில் அழுத்திக்கொண்டு விழும். அன்று காலையில் வெட்டி மூடிய கான் அதற்கென்றே செய்துவைத்த படுக்கை. மண் இளகியிருக்கிறது, ஈரமாக இருக்கிறது, நிழலும் இருக்கிறது. எழும்பியதும் வயிற்றையும் காலையும் நக்கும். முன்பு எப்போதோ அந்த இடத்தில் புதைத்து வைத்த எலும்பு ஞாபகம் வந்தால் கிண்டி எடுத்துக் கடிக்கவும் செய்யும்.

ஆகவே கானை மூடிய உடனே அதன் மேல் எதையாவது போட்டு மறைக்க வேண்டும். பழைய தகரம், சீற், சீமெந்துக் கல் எதுவானாலும் சரி. இல்லாவிட்டால் முள்ளுக் கொப்புகளை வெட்டி நெருக்கமாகப் பரப்புங்கள், நாய் கால் வைக்காது. மண் இறுகி, மேற்பரப்பு முழுதாகக் காயும்வரை, இரண்டு மூன்று நாளைக்காவது அது அப்படியே கிடக்கட்டும். நாய்க்கு வேறோர் இடத்தில், வேப்பமர நிழலில் மண்ணை நனைத்து ஒரு குளிர்ந்த படுக்கை செய்துகொடுத்தால் அது அங்கேதான் போகும். தடுப்பதோடு மாற்று இடமும் கொடுத்தால்தான் நாயிடம் வெல்லலாம்.

மாரியில் கறையான் மருந்து ஊற்ற வேண்டாம். ஊறிய நிலத்தில் அது நிற்காமல் கழுவிக்கொண்டு போகும், முற்றத்தில் தேங்கும் வெள்ளத்திலும் கலக்கும். தை கழிந்து நிலம் காய்ந்த பிறகு செய்யுங்கள். ஊற்றும் இடத்துக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதையும் லேபலில் பார்த்து, வேலை தொடங்குவதற்கு முன் அளந்து காட்டுங்கள்.

கூரை மரத்துக்குப் பூசும் எண்ணெய் மருந்து சொட்டுச் சொட்டாகக் கீழே விழும். கீழே விரித்த சாக்கைப் பிறகு நாயின் படுக்கைக்கு எடுக்காதீர்கள். வேலித் தூண்களுக்கும் கொட்டில் கால்களுக்கும் கழிவு ஒயில் பூசும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நாய் அதில் உடம்பை உரசும், பிறகு நக்கும். நாய் உள்ள வளவில் அதை விட்டுவிடுங்கள்.

எலிப் பாஷாணம்

எலியை விட்டுவைக்கவும் முடியாது. 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் கொண்டுபோனது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த நோய் நாய்க்கும் வரும். அதற்கான தடுப்பூசி உண்டு, ஆண்டுதோறும் போடச் சொல்லி வைத்தியரிடம் கேளுங்கள்.

ஆனால் நாய் உள்ள வளவில் எலிப் பாஷாணம் என்பது நாய்க்கே வைக்கும் விருந்து மாதிரி. எலியை இழுக்க அதில் சேர்க்கும் தானியமும் மெழுகும் இனிப்பும் நாயையும் இழுக்கும். உயரத்தில் வைத்தாலும் எலி அதை இழுத்துக்கொண்டு வந்து கீழே போடும். தின்று செத்த எலியை நாய் தின்றாலும் நஞ்சு ஏறலாம். கூட்டுப் பொறி, ஒட்டும் பலகை, இடுக்கிப் பொறி என்று எத்தனையோ இருக்கின்றன. முதலில் கோழித்தீனையும் நெல்லையும் மூடியுள்ள வாளியில் போடுங்கள். நாய் தின்று மிச்சம் வைத்த சோற்றை இரவில் வெளியே விடாதீர்கள். எலி வருவதற்கு அதுவே பெரிய காரணம்.

வைத்தே ஆக வேண்டும் என்றால், நிலத்தில் ஆணியடித்துப் பொருத்தக்கூடிய பூட்டுப் பெட்டிக்குள் மட்டும் வையுங்கள். எத்தனை கட்டி வைத்தீர்கள் என்று எழுதி, ஒவ்வொரு நாளும் எண்ணுங்கள். காலையில் வளவைச் சுற்றிப் பார்த்து, செத்த எலியைக் கையுறையோடு எடுத்துத் தாட்டுவிடுங்கள், ஆழமாக. பக்கத்து வளவுக்காரரிடமும் கேட்டு வையுங்கள். உங்கள் நாய்க்கு வேலி ஒரு தடையல்ல.

புகை அடிக்க வந்தால்

டெங்கு கூடும் மாதங்களில் சுகாதாரப் பிரிவினர் புகை அடித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வருவார்கள். புகையைவிட அந்த இயந்திரத்தின் சத்தம்தான் நாய்க்குப் பெரிய பயம். வெடிச்சத்தம் கேட்டதுபோல மதிலேறி ஓடிய நாய்கள் பிறகு றோட்டில் அடிபடுகின்றன. தூரத்தில் சத்தம் கேட்டதுமே பின்னறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துங்கள். வெளியே உள்ள தண்ணீர்ச் சட்டிகளைக் கவிழ்த்து, புகை கலைந்து அரை மணி நேரம் போன பிறகு திறவுங்கள். சட்டியைக் கழுவிப் புதுத் தண்ணீர் வையுங்கள். இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

தோட்டத்து மருந்து நாய்க்கு அல்ல

வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அடிக்கும் மருந்து எங்கள் கொட்டில்களில் எப்போதும் இருக்கும். அதில் ஒரு மூடியைத் தண்ணீரில் கலந்து உண்ணிக்கு நாயைக் குளிப்பாட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. பயிருக்கு அளந்த நஞ்சு அது. தோலால் உறிஞ்சப்பட்டு, குளித்த சில மணி நேரத்திலேயே நாய் வலிப்பில் விழலாம். உண்ணிக்கு நாய்க்கென்றே வரும் மருந்தை, நாயின் நிறைக்கேற்ப, மிருக வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள்.

நத்தைக்குப் போடும் குறுணிகளையும் கவனியுங்கள். மெற்றல்டிஹைட் என்று பெயர் இருந்தால், நாய் உள்ள வளவில் அது வேண்டவே வேண்டாம். நாய் விரும்பித் தின்னும், ஓரிரு மணி நேரத்தில் நடுக்கமும் கடும் காய்ச்சலும் வலிப்பும் வரும். நத்தையைப் பின்னேரத்தில் கையுறையோடு பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளிக்குள் போடுங்கள்.

பழைய வீட்டை வாங்கிக் கொட்டிலை ஒதுக்குபவர்கள், லேபல் அழிந்த போத்தல் கிடைத்தால் திறந்து மணந்து பார்க்க வேண்டாம். எண்டோசல்பான் இலங்கையில் 1998இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முந்திய சரக்குக்கூட ஏதாவதொரு மூலையில் கிடக்கலாம். நாய் எட்டாத இடத்தில் பூட்டி வைத்துவிட்டு, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் சொல்லுங்கள்.

நஞ்சு பட்டதென்று சந்தேகம் வந்தால்

வாயால் நுரைநுரையாக வடிதல், கண்ணீர், அடிக்கடி சிறுநீரும் வயிற்றோட்டமும் போதல், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்குதல், தசை துடித்தல், மூச்சு இழுத்தல். இவை சேர்ந்து வந்தால் ஓர்கனோபொஸ்பேற் வகையாகவோ, அதேபோல நரம்பைத் தாக்கும் கார்பமேட் வகையாகவோ இருக்கலாம். அதற்கு அற்றோபின் என்ற முறிமருந்து வைத்தியரிடம் உண்டு, நேரம்தான் முக்கியம். பைரித்ரொயிட் என்றால் பெரும்பாலும் நடுக்கம், காதும் தோலும் வெட்டி வெட்டி இழுத்தல், எச்சில் வடிதல்.

தோலில் பட்டிருந்தால் கையுறை போட்டு, கோப்பை கழுவும் திரவ சவர்க்காரமும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் கொண்டு கழுவி, துவாயால் துடையுங்கள். நடுங்கிக்கொண்டிருக்கும் நாயைக் கழுவிக்கொண்டு நிற்காமல் முதலில் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வாய்க்குள் ஒன்றும் ஊற்றாதீர்கள். பால், தேங்காயெண்ணெய், புளிக்கரைசல், உப்புத் தண்ணீர் எதுவுமே வேண்டாம். விழுங்க முடியாத நாயின் வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குத்தான் போகும். உப்புத் தண்ணீர் தானாகவே நஞ்சு. எண்ணெயும் பாலும் சில நஞ்சுகளை உடம்பு வேகமாக உறிஞ்ச உதவிவிடும். வாந்தி எடுக்க வைப்பதா இல்லையா என்பதை வைத்தியர் முடிவெடுக்கட்டும்.

சாம்பல் அல்லது கறுப்பு நிறத்தில் இருக்கும் சிங்க் பொஸ்பைட் எலிப் பாஷாணம் என்றால் சாப்பாடும் கொடுக்கக்கூடாது. சாப்பாட்டுக்குச் சுரக்கும் வயிற்று அமிலத்தோடு சேர்ந்து அது பொஸ்பீன் வாயுவாக மாறும். நாய் எடுக்கும் வாந்தியிலிருந்தும் அந்த வாயு வரும், உள்ளிப்பூண்டு அல்லது அழுகிய மீன் போல மணக்கும். அந்த மணம் வந்தால் நீங்களும் எட்டி நில்லுங்கள், ஓட்டோவின் இரு பக்கமும் திறந்திருக்கட்டும். போகும்போது போத்தலையோ பெட்டியையோ, இல்லாவிட்டால் படமெடுத்த லேபலையோ கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது, ஏறக்குறைய எவ்வளவு, நாயின் நிறை என்ன என்பதையும் சொல்ல வேண்டிவரும். பிள்ளைகள் யாராவது தொட்டிருந்தால் அவர்களை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

புரோமடியோலோன், புரோடிபாகும் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் எலிப் பாஷாணம் ஏமாற்றும் வகை. தின்ற அன்றும் மறுநாளும் நாய் ஓடி விளையாடும். மூன்று முதல் ஐந்து நாளில்தான் முரசு வெளிறும், சோர்ந்து படுக்கும், இருமும், மூக்காலோ மலத்திலோ இரத்தம் போகும். தின்றது தெரிந்தால் நாய் நன்றாக இருக்கிறதே என்று காத்திருக்காமல் அன்றே கொண்டுபோங்கள். இதற்கு மருந்து வைற்றமின் கே1. நீண்ட நாள் வேலை செய்யும் வகையாக இருந்தால் ஏறக்குறைய நான்கு கிழமை தினமும் கொடுக்க வேண்டிவரும். ஒரு கிழமையில் நாய் தேறி எழும்பியதும் குளிசையை நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. நஞ்சு ஈரலில் இன்னும் இருக்கும், நிறுத்தினால் மறுபடி இரத்தம் கசியத் தொடங்கும். வைத்தியர் சொன்ன கடைசிக் குளிசை வரை கொடுங்கள். அது முடிந்து இரண்டு மூன்று நாளில் இரத்தம் உறையும் நேரத்தைப் பரிசோதித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் வைத்தியம் முடிந்தது என்று எடுக்கலாம். அதுவரை நாயைத் துரத்தி விளையாடவோ மதிலேறிக் குதிக்கவோ விடாதீர்கள்.